நாலாம் கட்டில் நாளைக்குக் காலியாகிறது

ஓய்வு பெற்ற பிறகு நான் வார்டைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாமல் இல்லை. தீபாவளி சீசன் நெருங்கிவிட்டால் எங்கள் தெருவில் யாராவது ஒருவர், “சிஸ்டர், நீங்க தீக்காய வார்டுல இருந்தவுகதான? அங்கன எப்படி இருக்கும்?” என்று ஆரம்பிப்பார்கள். “இருக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

போன மாதம் ஜெனிட்டா வந்திருந்தாள். நான் வேலையில் இருந்த கடைசி வருடங்களில் என்னோடு டூட்டி பார்த்தவள். இப்போது அதே வார்டுக்கு அவள்தான் பொறுப்பு சிஸ்டர். புதிதாக ஒரு உத்தரவு வந்திருக்கிறதாம். நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு இனி யாரும் இங்கிலீஷில் நிலைமையைப் பேசக்கூடாது. சொந்தக்காரர்களைத் தனி அறைக்குக் கூட்டிப்போய், உட்காரவைத்து, தமிழில் சொல்லவேண்டும்.

“அந்த ரூமுக்கு நீலப் பெயின்ட் அடிச்சு, சோபா எல்லாம் போட்டிருக்காக அக்கா. உங்க காலத்துல எப்படி? அப்படியே கட்டில் பக்கத்துலயே பேசிருவீகளோ?”

“காப்பி ஆறுது, குடி” என்றேன்.

அவள் போன பிறகு மனது ஆறவில்லை. வாயால் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அப்பா ஆனைக்குட்டம் பக்கம் மிஷன் தொடக்கப் பள்ளியில் வாத்தியார். வீட்டில் அவர்தான் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். கரும்பலகையில் மூன்று கட்டம் போடுவார். நேற்று, இன்று, நாளை. நாளைக்குரிய கட்டத்தில் ‘வில்’ என்று எழுதி அடிக்கோடு போடுவார். ‘வில்’ இல்லாமல் நாளையைச் சொன்னால் முட்டியில் ஒரு தட்டு விழும். திருநெல்வேலியில் நர்ஸிங் படித்தேன். அங்கே கேரளத்து டியூட்டர்கள் பேசிய இங்கிலீஷைக் காதால் கேட்டுப் பிடித்தேன். பிறகு பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு, நாலைந்து ஊர். இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் எங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தது. வந்த அன்றே தீக்காய வார்டில் போட்டார்கள். ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேதான்.

அந்த வார்டில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது கத்தரிக்கோல் பிடிப்பது. பட்டாசுக் கம்பெனியில் வெடித்து வருகிறவர்களின் துணியைக் கழற்றக்கூடாது. வெட்ட வேண்டும். தோலோடு ஒட்டிக்கொண்டதைத் தொடாமல் சுற்றிலும் வெட்டி விட்டுவிட வேண்டும். உடம்பு வீங்குவதற்குள் வளையல், மெட்டி, மோதிரம் எல்லாம் எடுத்தாக வேண்டும். தாலியும்தான். உடம்பு முழுக்க வெந்து, முகத்தில் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பவுடர் அப்பிக் கிடக்கிற பொம்பளை, கழுத்துக்கு என் கை போனதும் அந்தக் கையைப் பிடிப்பாள். “அத மட்டும் விட்டுருங்க சிஸ்டர்.” அதையும் வெட்டுவோம்.

அடுத்தது நரம்பு தேடுவது. வேகாத இடம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, பாதத்திலோ கணுக்காலிலோ ஊசி ஏற்றி, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் இறக்க வேண்டும். நோயாளியின் உள்ளங்கை அளவு ஒரு சதவீதம் என்று கணக்குப் போட்டு, எவ்வளவு வெந்திருக்கிறது என்பதைத் தலைமாட்டில் எழுதுவோம். விரிப்பில் புண் ஒட்டாமல் இருக்க, ஆவியில் காட்டிய வாழை இலையை நரம்பு சீவி, கட்டில் முழுக்கப் பரப்புவோம். மேலே இரும்பு வளையம் வைத்து, துணி உடம்பில் படாதபடி கூண்டு மாதிரி மூடுவோம்.

இந்த வேலையெல்லாம் பழகிவிடும். பழகாத ஒன்று உண்டு. தோலின் மேல்பக்கம் மட்டும் வெந்தவர்கள் வலியில் கத்துவார்கள். ஆழமாக வெந்தவர்களுக்கு வலி தெரியாது. வலியைச் சொல்கிற நரம்பே போயிருக்கும். அவர்கள் நன்றாகப் பேசுவார்கள். தண்ணீர் கேட்பார்கள், ஆடு கட்டியாச்சா என்று விசாரிப்பார்கள். சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, “வலியே இல்லைங்கிறா சிஸ்டர், சரியாயிரும்ல?” என்று சிரித்த முகத்தோடு கேட்பார்கள். கத்துகிறவனுடைய வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். பிழைக்கப்போவது அவன்தான்.

வார்டுக்கு டாக்டர் சந்தானம்தான் தலைவர். சீஃப் என்போம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மெலிந்த உடம்பு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்திருப்பார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, வார்டு செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வருவார். ஒவ்வொரு கட்டிலுக்கும் முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வார்டுக்குள் அவர் உட்கார்ந்து பார்த்ததும் இல்லை. நோயாளியைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். எங்கள் பேச்சைப் பழகிக்கொண்டு, “சாப்பிட்டீகளா? தண்ணி நெறையக் குடிக்கணும், என்ன?” என்பார். தமிழில் அவ்வளவுதான். பிறகு எங்கள் பக்கம் திரும்புவார். இங்கிலீஷ் ஆரம்பமாகும்.

அவருடைய இங்கிலீஷில் ‘வில்’ கிடையாது. நான் போன புதிதில் டூட்டி மாற்றும்போது, “சார், பெட் டூ வில் கோ டு தியேட்டர் டுமாரோ” என்றேன். இரண்டாம் கட்டில் நோயாளிக்கு மறுநாள் தோல் ஒட்டும் ஆபரேஷன். சீஃப் என்னைப் பார்த்தார்.

“எதுக்கு சிஸ்டர் ‘வில்’? உங்க ஆசையையா சொல்றீங்க? தியேட்டர் போட்டாச்சு, நேரம் குறிச்சாச்சு. ‘கோஸ்’னு சொன்னா போதும்.”

“நாளைக்கு நடக்கிறதாச்சே சார்?”

“நாளைக்கு ட்ரெயின் காலைல கிளம்புது. ‘ட்ரெயின் லீவ்ஸ்’னுதானே சொல்றோம்? நாளைய விஷயமா இருந்தாலும், தீர்மானம் ஆயிட்டா நிகழ்காலம்தான். நமக்கு உறுதியா தெரியாததுக்குத்தான் மத்த வார்த்தை எல்லாம்.”

அப்பா போட்ட கட்டம் அன்றைக்கு அழிந்தது. யோசித்துப் பார்த்தால் நம் பேச்சிலும் அப்படித்தான். “நாளைக்கு வாரேன்” என்கிறோம், “அடுத்த வாரம் தாரேன்” என்கிறோம். ஆனால் நாம் அதைச் சொல்லும்போது அது வெறும் எண்ணம். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். சீஃப் சொல்லும்போது அது எழுதி முடித்த கணக்கு.

அவர் சாவு என்ற சொல்லைச் சொன்னதே இல்லை. “பெட் சிக்ஸ் கோஸ் ஹோம் ஆன் தர்ஸ்டே” என்பார். ஆறாம் கட்டில் வியாழக்கிழமை வீட்டுக்குப் போகிறது. அதே குரலில், அதே முகத்தோடு, “பெட் நைன் ஃபால்ஸ் வேகன்ட் பை ஈவ்னிங்” என்பார். ஒன்பதாம் கட்டில் சாயங்காலம் காலியாகிறது. முதல் தடவை கேட்டபோது நான் இதையும் டிஸ்சார்ஜ் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கட்டில்காரர் வீட்டில் வேட்டி கொண்டுவரச் சொல்லலாம் என்று கிளம்பினேன். மூத்த சிஸ்டர் ஒருவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, மெதுவாகத் தலையை ஆட்டினார். சாயங்காலம் அந்தக் கட்டில் காலியானது.

சீஃப் கல்மனசுக்காரர் என்று சொல்ல மாட்டேன். அத்தனை பேரை அப்படிப் பார்த்துவிட்டு மறுநாளும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவேண்டுமென்றால், ஒரு மனிதனுக்கு இப்படி ஏதாவது ஒன்று தேவைப்பட்டிருக்கும். எங்களுக்கும் அது வசதியாக இருந்தது. கட்டில்தான் காலியாகிறது, கட்டிலில் இருப்பவர் அந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை. சுற்றி நிற்பவர்களுக்கு அந்தப் பாஷை தெரியாது. எல்லாரும் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போகிற சனங்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் இங்கிலீஷ் ஒரு திரைச்சீலை மாதிரி தொங்கியது. அந்தச் சனங்கள் வெடிமருந்தில் கை நனைத்துத் தங்கள் பிள்ளைகளைக் காலேஜ் வரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பது எங்கள் கண்ணில் படவில்லை.

ஒரு தீபாவளி சீசனில் தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் காலை வேலை ஆரம்பித்த சற்று நேரத்தில் பட்டாசுக்குள் மருந்து ஏற்றும் அறை வெடித்தது. வேனில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அதில் ஒருத்தி முத்துலட்சுமி. நாற்பதை ஒட்டிய வயசு. நாலாம் கட்டிலில் போட்டோம். மார்பு, வயிறு, முதுகு, இரண்டு கைகள், தொடை எல்லாம் வெந்திருந்தது. தலைமாட்டில் நான் எழுதிய சதவீதத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை.

“சிஸ்டர், எம்புட்டு நாள்ல விடுவீக? ஆர்டர் கெடக்கு. ஃபோர்மேன் வேற ஆளப் போட்டுருவாரு” என்றாள்.

அவள் புருஷன் சுப்பையா லாரியில் லோடு ஏற்றுகிறவர். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த வேப்பமரத்தடியை விட்டு அவர் நகரவே இல்லை. ஒரு தடவை உள்ளே கூட்டிவந்தோம். பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு வரவில்லை. மகள் போய்ச் சொல்கிற சேதிதான் அவருக்கு. அம்மாவோடு இருந்தது மகள்தான். காளீஸ்வரி. ஒரே பிள்ளை. சிவகாசியில் காலேஜில் முதல் வருஷம், பி.ஏ. இங்கிலீஷ்.

அதை அம்மாவே என்னிடம் சொன்னாள். வெள்ளைக் களிம்பு தடவிக்கொண்டிருந்தேன். “எங்க தெருவுல மத்த புள்ளைக எல்லாம் கம்பெனி வேனுக்கு நிக்கும். இவ மட்டும் பஸ்ஸுக்கு நிப்பா. கம்பெனி வாசப்படிய மிதிக்கவே விடல சிஸ்டர் நானு. இங்கிலீஷு படிக்கா. கேளுங்க, பேசுவா.”

“சும்மா இரும்மா” என்றாள் அந்தப் பெண். முகக்கவசமும் பச்சை அங்கியும் போட்டிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. வெட்கப்படுகிற கண்.

“ஒரு வார்த்த பேசிக் காட்டுடி.”

“அம்மா, ஆஸ்பத்திரிம்மா இது.”

மறுநாள் அம்மாவின் முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிக்கொண்டது. அது எப்போதும் நடப்பதுதான். “இருட்டா இருக்கேடி” என்றாள். “வீக்கம் வடிஞ்சா தொறந்துரும்மா” என்று மகள் சமாதானம் சொன்னாள். டியூபில் வருகிற சிறுநீர் குறைந்துகொண்டே வந்தது. நிறமும் மாறியிருந்தது. இதையெல்லாம் நான் சீஃபுக்குச் சொல்ல வேண்டிய முறையில் சொன்னேன்.

ரவுண்ட்ஸ் வரும்போது கூட இருக்கிறவர்களை வெளியே அனுப்பிவிடுவது வழக்கம். அன்றைக்கு முத்துலட்சுமி தாகம் என்று கேட்டிருந்தாள். காளீஸ்வரி குனிந்து, ஸ்பூனில் இளநீரைத் துளித்துளியாக உதட்டில் விட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தச் சொல்ல எனக்கு மனது வரவில்லை. சீஃபும் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்று கையைக் காட்டினார். கை கழுவினார். கூண்டுத் துணியை விலக்கிப் பார்த்தார். மூடினார்.

“முத்துலட்சுமி, சாப்பிட்டீகளா?”

“எளனி குடிச்சேன் சார். வலி இல்ல சார்.”

“நல்லது. குடிங்க.”

எங்கள் பக்கம் திரும்பினார். “பெட் ஃபோர் ஃபால்ஸ் வேகன்ட் டுமாரோ” என்றார். எம். புதுப்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண்ணை இடமில்லாமல் தரையில் படுக்கை போட்டு வைத்திருந்தோம். “தி புதுப்பட்டி கேஸ் கம்ஸ் ஹியர்.” மறுபடி கை கழுவிக்கொண்டு ஐந்தாம் கட்டிலுக்குப் போனார்.

நான் காளீஸ்வரியைப் பார்த்தேன். ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. இளநீர் சொட்டி இலையில் விழுந்தது.

“டாக்டரு என்னடி சொல்றாரு?” என்றாள் அம்மா.

காளீஸ்வரி ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

“காளி? எங்க இருக்க?”

“இங்கதாம்மா இருக்கேன்.”

“இங்கிலீஷுலதான பேசுனாரு? ஒனக்குப் புரிஞ்சிருக்குமே. என்ன சொல்றாரு?”

“நாளைக்கு… நாளைக்கு வேற எடத்துக்கு மாத்துறாகளாம்மா. ஜன்னல் பக்கம்.”

“அப்படியா? இங்கன ஒரே புழுக்கமா இருக்கு. அங்கன காத்து வரும்.” கொஞ்ச நேரம் கழித்து, “பாத்தியா, நீ படிச்சது எதுக்கு ஆகுதுன்னு” என்றாள்.

ரவுண்ட்ஸ் முடிந்து நான் கட்டுப் போடும் அறையில் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள். முகக்கவசத்தைக் கழற்றியிருந்தாள்.

“சிஸ்டர், அவரு ‘வில்’ போடல.”

நான் குழாயை மூடினேன்.

“எங்க மேடம் போன வாரந்தான் நடத்துனாங்க. நாளைக்கு நடக்கிறதுக்கு ‘வில்’ போடாம ப்ரசன்ட் டென்ஸ்ல சொன்னா, அது முடிவான விஷயமாம். டைம்டேபிள்ல இருக்கிறது. பரீட்சை, ட்ரெயின், பஸ்ஸு. நம்ம விருப்பத்துக்கு மாத்த முடியாதது. நான் உதாரணம் எல்லாம் எழுதிப் படிச்சேன்.” பாடம் ஒப்பிக்கிற மாதிரியே சொன்னாள். “எங்கம்மா டைம்டேபிள்லயா சிஸ்டர் இருக்கா?”

“டாக்டருக அப்படித்தான்மா பேசுவாக. அது ஒரு பழக்கம்.”

“மே இருக்கு. மைட் இருக்கு. ப்ராபப்ளி இருக்கு. அம்புட்டு வார்த்த இருக்குல்ல சிஸ்டர்? ஒண்ணு கூடவா போடக்கூடாது?”

அவள் கையைப் பிடித்தேன். இளநீர் பட்டுப் பிசுபிசுவென்று இருந்தது.

சீஃபிடம் போய்ச் சொன்னேன். “சார், பெட் ஃபோரோட மகளுக்கு நீங்க சொன்னது புரிஞ்சிருச்சு.”

அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பேனா நின்றது. “எப்படி?”

“பி.ஏ. இங்கிலீஷ் படிக்குது சார்.”

பேனாவை மூடினார். வார்டுக்குள் வந்தார். டூட்டி மேஜைக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நோயாளிகளெல்லாம் அவரையே பார்த்தார்கள். “அந்தப் பொண்ணக் கூப்பிடுங்க” என்றார். பிறகு இங்கே வேண்டாம் என்று எழுந்து, அவளை வராந்தாவின் கடைசிக்குக் கூட்டிப்போனார். நானும் கூடப் போனேன். பிறவியிலிருந்து பேசி வந்த தமிழை அவர் அன்றைக்குத் தேடித் தேடி எடுத்தார்.

“உங்கம்மாவுக்குக் காயம் ரொம்ப ஆழம்மா. சிறுநீரகம் வேலை செய்யல. எங்களால முடிஞ்சதப் பண்ணிக்கிட்டிருக்கோம்.”

“நாளைக்கா சார்?”

அவர் சட்டைக் கையை இன்னொரு மடிப்பு மடித்தார்.

“சார், ஒரே ஒரு தடவ ‘மே’ போட்டுச் சொல்லுங்க சார். அது மட்டும் போதும். நான் உள்ள போயிருதேன்.”

‘நடக்கலாம்’ என்று மட்டும் அர்த்தம் தருகிற, ஒரு எழுத்து மாதிரியான சொல். சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று நான் நினைத்தேன். சீஃபின் வாய் அசைந்தது. அவர் கையைப் பார்த்துக்கொண்டார். தேய்த்துக் கழுவிக் கழுவி வெளுத்துப்போன கை. “பொய்யா நம்பிக்கை கொடுத்தா, நாளைக்கு நீ என்னை மன்னிக்க மாட்டம்மா” என்றார்.

“இப்ப மட்டும் மன்னிச்சிருவேனா சார்?” என்றாள் அந்தப் பெண்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். சீஃப் வராந்தாவிலேயே நின்றார். கீழே வேப்பமரத்தடியில் சுப்பையா யாரிடமோ பீடிக்கு நெருப்பு வாங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

சாயங்காலம் பார்வையாளர்கள் போனதும் காளீஸ்வரி என்னிடம் வந்தாள். “சிஸ்டர், அம்மாவ இன்னைக்கே ஜன்னல் பக்கம் மாத்திருவீகளா? எப்ப மாத்துவாகன்னு கேட்டுக்கிட்டே இருக்கா.”

ஒருவரை வேறு நம்பர் கட்டிலுக்கு மாற்றினால் மருந்து மாறிப்போகும் என்று மாற்ற விடமாட்டோம். ஜன்னலை ஒட்டிய கட்டிலில் ஒரு வயசான அம்மா, அடுப்பில் சேலை பிடித்து வந்தவர், குணமாகிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன். “எனக்கு எங்கன கெடந்தா என்ன தாயி? தள்ளுங்க” என்றார். அவர் கட்டிலை நகர்த்திவிட்டு, நாலாம் கட்டிலையே சக்கரப் பூட்டை எடுத்து, நானும் ஆயாவும் அந்தப் பெண்ணும் மெதுவாகத் தள்ளினோம். பாட்டில் கம்பியை அவள் பிடித்துக்கொண்டு வந்தாள். ஜன்னலைத் திறந்தேன். தூரத்தில் எங்கேயோ மழை பெய்திருக்க வேண்டும். குளிர்ந்த காற்று வந்தது.

“வந்தாச்சாடி?”

“வந்தாச்சும்மா.”

“நாளைக்குன்னுல்ல சொன்ன?”

“இன்னைக்கே எடம் கெடச்சிருச்சும்மா.”

“என்ன தெரியுது வெளிய?”

வெளியே ஆஸ்பத்திரிச் சலவைத் துணிகள் காயும் கொடியும், தண்ணீர்த் தொட்டியும்தான். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். “அப்பா நிக்காரும்மா. ஒன்னயத்தான் பாக்காரு” என்றாள். அந்தப் பக்கம் சுப்பையா இல்லை.

“அவர வீட்டுக்குப் போச் சொல்லு. ஆட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்ல. நீயும் நாளைக்குக் காலேசுக்குப் போ. நான் இங்க காத்தோட்டமா இருக்கேன்ல.”

“போறேம்மா.”

மறுநாள் சீஃப் கை கழுவிக்கொண்டு வருவதற்கு முன்பே முத்துலட்சுமி போய்விட்டாள். மூச்சு இழுக்கவெல்லாம் இல்லை. ஏதோ கேட்க வாயெடுத்தவள் மாதிரி இருந்தாள். காளீஸ்வரி அழுகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வேப்பமரத்தடியில் சுப்பையா எழுப்பிய சத்தம்தான் மாடிவரை கேட்டது. “நேத்து நல்லாத்தான பேசுனா! நல்லாத்தான பேசுனா!” என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

நாலாம் கட்டிலைத் துடைத்து, புது இலை பரப்பினேன். புதுப்பட்டிப் பெண்ணை அதில் ஏற்றினோம்.

அதற்குப் பிறகு சீஃப் ரவுண்ட்ஸில் இங்கிலீஷ் பேசுவதை விட்டுவிட்டார். தமிழிலும் பேசவில்லை. நோயாளியிடம் சாப்பிட்டீகளா என்று கேட்பார், திரும்பி எங்களைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் நகர்வார். எங்களுக்குத் தேவையானதை வராந்தாவில் சொல்வார். முதலில் அது நல்ல மாற்றம் என்றுதான் நினைத்தேன். சில மாதங்களில் சனங்கள் அதையும் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். எந்தக் கட்டில் பக்கத்தில் அவர் அதிக நேரம் நிற்கிறார், எந்தக் கட்டிலை விட்டுச் சீக்கிரம் திரும்புகிறார் என்று வாசல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் முகத்தைப் பார்த்தே ஒருத்தி மயங்கி விழுந்தாள். பேசினாலும் பேசாவிட்டாலும் ஒவ்வொரு சீசனிலும் வேன் வந்தது, கட்டில்கள் நிறைந்தன, காலியாகின. சீஃப் இரண்டு வருஷத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகிற அன்றைக்கு என்னிடம், “சிஸ்டர், அந்தப் பொண்ணு படிப்ப முடிச்சுதா?” என்று கேட்டார். தெரியாது என்றேன்.

தெரிந்தது இன்னும் கொஞ்ச காலம் கழித்து. சிவகாசி பஸ் ஸ்டாண்டில் நான் விருதுநகர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் வந்து, “சிஸ்டர்” என்றாள். அடையாளம் தெரியவில்லை. அங்கியும் முகக்கவசமும் இல்லாத அவள் முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லையே. “நாலாம் கட்டில்” என்றாள். கையில் டிபன் தூக்கு. விரல் இடுக்குகளில் வெள்ளிப் பவுடர்.

“காளீஸ்வரி! கம்பெனிக்கா போற?”

“ஆமா சிஸ்டர். அம்மா பாத்த வேலதான். வேற கம்பெனி.”

“படிப்பு?”

“அந்த வருஷமே நின்னுட்டேன்.”

“ஏன்மா? ஒங்கம்மா அம்புட்டு ஆசப்பட்டாளே.”

“போனேன் சிஸ்டர், ஒரு மாசம் போனேன். மேடம் போர்டுல வாக்கியம் எழுதுவாங்க. ‘த ட்ரெயின் லீவ்ஸ் டுமாரோ.’ எல்லாரும் எழுதுவாக. எனக்கு மட்டும் அது ட்ரெயினா தெரியாது.” தூக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். “எந்தப் பக்கத்தத் தொறந்தாலும் யாரோ யாரப் பத்தியோ சொல்ற மாதிரியே இருந்துச்சு. விட்டுட்டேன்.”

எதையாவது சொல்ல வேண்டும் என்று, “அப்பா எப்படி இருக்காரு?” என்று கேட்டேன்.

“இருக்காரு. இப்பவும் சண்ட போடுவாரு. ‘நல்லாத்தான பேசுனா, என்னமோ ஊசி போட்டுக் கொன்னுட்டாக’ன்னு. நான் ஒண்ணும் சொல்றதில்ல.” பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அன்னைக்கு அவரு நிம்மதியாத் தூங்குனாரு சிஸ்டர். பொண்டாட்டியக் காத்தோட்டமான எடத்துக்கு மாத்திட்டாகன்னு மரத்தடியில துண்ட விரிச்சுத் தூங்குனாரு. அம்மாவும் சந்தோசமாத்தான் இருந்தா. நான் ஒருத்திதான் தெரிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நானும் படிக்காம இருந்திருந்தா, அந்த ஒரு நாளு எங்க மூணு பேருக்கும் நல்ல நாளா இருந்திருக்கும்.”

கம்பெனி வேன் வந்து நின்றது. உள்ளே இருந்த பெண்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். ஏறி உட்கார்ந்தவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.